கே.புதூர் டீச்சர் வீட்டு வாசிப்பு வகுப்பு: 7 மாசம் பையன அனுப்பிட்டு எழுதுறேன்

மதுரைல புள்ளைக்கு வாசிக்க வரலயேன்னு மனசுக்குள்ளயே புழுங்கிக்கிட்டு இருக்கற அப்பா அம்மாவுக்காக இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க. வகுப்பு எடுக்கறவங்க ரிட்டயர் ஆன ஆரம்பப் பள்ளி டீச்சர். பேரு, நம்பரு எதையும் எங்கயும் போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அதனால டீச்சர்னு மட்டும் சொல்றேன். கே.புதூர்ல அவங்க வீட்டு மாடிலதான் வகுப்பு. வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம், ஒரு பேட்ச்சுக்கு 6 புள்ளைங்க, ஏழாவதா ஒருத்தர கெஞ்சிக் கேட்டாலும் சேக்க மாட்டாங்க. மாசம் 800 ரூபா.

எம்பையன் நாலாவது படிக்கிறான். மூணாவது முடியற வரைக்கும் அவனுக்கு வாசிக்க வரலங்கறதே எங்களுக்குத் தெரியாது. தமிழ் புத்தகத்த எடுத்து வாசிடான்னா கடகடன்னு சொல்லுவான், விரல் கூட வரிக்கு வரி சரியா நகரும். வகுப்புல எல்லாப் புள்ளைங்களும் சேந்து சத்தமா சொல்றத காதுல வாங்கியே பாடம் மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சு ஒப்பேத்திக்கிட்டு வந்திருக்கான், பாவம், அதுக்கே எவ்வளவு பாடு பட்டிருப்பான்னு இப்பத்தான் புரியுது.

வெளிச்சத்துக்கு வந்தது பெரியார் பஸ் ஸ்டாண்டுல. திருப்பரங்குன்றம் போகணும்னு நிக்கிறோம், அவன் "அப்பா நம்ம பஸ்ஸு" ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு ஓடுறான், பாத்தா போர்டுல திருப்பாலைன்னு போட்டிருக்கு. அவசரத்துல பாத்திருப்பான்னு விட்டுட்டேன். ஆனா மனசுல ஏதோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு, வீட்டுக்கு வந்து ஒரு தாள்ல திருநகர், திருமங்கலம், திருமோகூர், திருப்புவனம், திருவாதவூர்னு எழுதி நீட்டுனேன். நம்மூரச் சுத்தி இந்தத் திருவுக்குப் பஞ்சமா என்ன. முதல்ல இருந்தத திருப்பரங்குன்றம்னான். ரெண்டாவத திருமங்கலம்னான், சரி. மூணாவது மறுபடியும் திருப்பரங்குன்றம். நாலாவது வரப்ப தாளப் பாக்கவே இல்ல, என் மூஞ்சியப் பாத்தான்.

நான் பிரஸ்ல டிடிபி ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டர்ல அச்சுக்கு எழுத்து அடிக்கறவன், 16 வருசமா பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸு, பில் புக்கு. எழுத்த வச்சுத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு முதல்ல கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், பார்வை சுத்தமா இருக்குன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு சென்டர்ல சேத்தேன், பேரு வேணாம், 6000 ரூபா மொத்தமா கட்டச் சொன்னாங்க. அவங்க முறை என்னன்னா சொல்ல முழுசா ஒரு போட்டோ மாதிரி மனசுல பதிய வைக்கிறதாம். அட்டையில ஒரே ஒரு சொல்லு, வேகமா காட்டி காட்டி மறைப்பாங்க, புள்ள சொல்லணும். ரெண்டு மாசத்துல 60 அட்டை சொன்னான், எங்களுக்கு சந்தோசம் தாங்கல. ஒரு நாள் அந்த அட்டையில இருந்த 'மாம்பழம்' அதே சொல்ல நான் வேற தாள்ல எழுதிக் காட்டுறேன், முழிக்கிறான். என்னடான்னு பாத்தா அந்த அட்டையோட மூலையில டீக்கறை இருந்திருக்கு. அவன் கறைய அடையாளம் வச்சுத்தான் மாம்பழம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கான், எழுத்தப் பாக்கவே இல்ல. பின்னாடி டீச்சர் கிட்ட இத சொன்னப்ப அவங்க ஆச்சரியமே படல. அமெரிக்காவுல ஃபிலிப் காஃப்னு ஒரு ஆராய்ச்சியாளர் வேணும்னே ஒரு அட்டையில கட்டை விரல் ரேகைய பதிச்சு சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாத்திருக்காராம், ரேகை இருந்தா சொல்லு வருது, ரேகைய எடுத்துட்டா அதே சொல்லு பல புள்ளைங்களுக்கு வரல, வேற சொல்லுக்குப் பக்கத்துல ரேகைய வச்சா பழைய சொல்லையே சொல்லுதுங்க. மூளை எது சுலபமோ அதத்தான் புடிக்கும், அது பையன் தப்பு இல்லைன்னாங்க.

அது போக, இங்கிலீஸ்ல கூட ஏதோ ஒப்பேத்தலாம், தமிழ எப்பிடிங்க போட்டோ புடிக்க முடியும்? வாங்கற ஒரு சொல்ல எடுத்துக்கங்க. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தவன், வந்தவங்களுக்கு, வந்துக்கிட்டிருந்தவங்ககிட்டன்னு அனுமார் வாலா நீளும். ஒவ்வொன்னுக்கும் ஒரு அட்டை போட்டா மதுரைல அட்டை பத்தாது.

சரி, டீச்சர் வகுப்புக்கு வர்றேன். முதல் நாள் அவங்க பையன எதுவும் கேக்கல. பழைய மாசக் காலண்டர் தாள் ஒன்ன எடுத்து பின்பக்கம் பெரிய பெரிய எழுத்துல ஒரு குட்டிக் கதை எழுதி வச்சிருந்தாங்க, நடுவுல பென்சில் நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை. அத தூக்கிப் புடிச்சு, "தம்பி இங்கிட்டு வந்து இந்த ஓட்டை வழியா புள்ள கண்ண மட்டும் பாருங்க" ன்னாங்க. மொதல்ல அங்க படிக்கிற எட்டாவது பொண்ணு ஒன்ன வாசிக்க வச்சாங்க. நான் இத்தன வருசமா கண்ணு வரி மேல வழுக்கிட்டே போகும்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பிடி இல்லவே இல்ல. ஒரு தாவு, ஒரு நிப்பு, ஒரு தாவு, ஒரு நிப்பு, நடுவுல சில சமயம் பின்னாடி ஒரு குட்டித் தாவு, குருவி தரையில தானியம் பொறுக்குமே அது மாதிரி. இத 1879லயே பாரிஸ்ல எமில் ழவால்னு ஒரு கண் டாக்டர் எழுதி வச்சுட்டாராம். ஒவ்வொரு நிப்பும் கிட்டத்தட்ட கால் செகண்டு, அந்த நிக்கிற நேரத்துலதான் எழுத்து உள்ள போகுது, தாவுற நேரத்துல ஒன்னும் தெரியாது. அதுவும் கண்ணுக்கு நடுவுல இருக்கற சின்ன இடத்துல விழுற சில எழுத்துத்தான் தெளிவு, ஓரத்துல இருக்கறதெல்லாம் மங்கல்தான்.

அடுத்து எம்பையன். ஓட்டை வழியா பாக்குறேன். கண்ணு முதல் எழுத்துல போயி நிக்குது. ரொம்ப நேரம் நிக்குது. அப்புறம் தாவுது, ஆனா அடுத்த எழுத்துக்குத் தாவல, தாள விட்டு மேல ஏறி டீச்சர் மூஞ்சிக்குப் போகுது. சொல்லோட தலைய மட்டும் பாத்துட்டு, மிச்சத்த எதிர்ல இருக்கற ஆள் மூஞ்சில இருந்து படிக்கப் பாக்குறான். பஸ் ஸ்டாண்டு விசயம், தாள நீட்டுனப்ப என் மூஞ்சியப் பாத்தது எல்லாம் அந்த நிமிசம் எனக்கு வெளங்கிருச்சு. கண்ணு கலங்கிப் போச்சு எனக்கு. டீச்சர் மெதுவா சொன்னாங்க, "இவனுக்கு மூளை நல்லா வேல செய்யுது தம்பி, வழிதான் தப்பு. கெஸ் பண்ற பழக்கத்த விட வச்சு எழுத்துக் கூட்டி வாசிக்கிற பழக்கத்துக்குக் கொண்டு வரணும், அவ்வளவுதான்."

இந்த எழுத்துக்கூட்டிங்கற வார்த்தைதான் அந்த வகுப்போட உயிரே. நம்மூர்ல "நாலாவது வந்தும் இன்னும் எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கான்" னு திட்டுவாங்கல்ல, நானும் திட்டியிருக்கேன். டீச்சர் வீட்டுல அத கேவலமா பாக்கவே மாட்டாங்க. சரளமா வாசிக்கிற நாமளும் எழுத்த விட்டுட்டு வாசிக்கல, வேகமா கூட்டுறோம், அந்த வேகம் நமக்கே தெரியல, அவ்வளவுதான் வித்தியாசம்னாங்க. நான் எழுத்துலயே கெடக்கறவன்ங்கறதால இத அப்பிடியே நம்பிடல, தேடித் தேடி படிச்சேன், படிக்கப் படிக்க அவங்க சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சிச்சு.

வாட்ஸப்புல ஒரு மெசேஜ் ரொம்ப வருசமா சுத்துதுல்ல, சொல்லோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியா இருந்தா போதும், நடுவுல எப்பிடி கலைச்சுப் போட்டாலும் மூளை வாசிச்சிரும், ஏன்னா மூளை எழுத்தப் பாக்கறதில்ல சொல்ல முழுசா பாக்குதுன்னு. அந்த சென்டர்காரங்க இதத்தான் பிரிண்ட் போட்டு செவுத்துல ஒட்டி வச்சிருந்தாங்க. பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) ஆகாஷ் அகர்வால், ஹரி, அருண்னு ஆராய்ச்சியாளர்கள் இதையே எடுத்து சோதிச்சு 2020ல எழுதியிருக்காங்க. கலைஞ்ச சொல்லயும் நாம வாசிக்கறதுக்குக் காரணம் மூளை எழுத்த விட்டுட்டு உருவத்தப் பாக்கறதுனால இல்ல. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா மூளையில பதியுது, எந்த எடத்துல இருக்குங்கறதுக்கு ஏத்த மாதிரி அதுக்கு ஒரு எடை, அந்தப் பதிவெல்லாம் சேந்த கூட்டுத்தொகைதான் சொல்லு. எழுத்து கொஞ்சம் எடம் மாறினா கூட்டுத்தொகை ரொம்ப மாறாது, அதான் வாசிக்க முடியுது. அதே குழு 2019ல தெலுங்கு வாசிக்கறவங்களையும் மலையாளம் வாசிக்கறவங்களையும் வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, நம்ம பக்கத்து எழுத்துங்கறதால இது எனக்கு ரொம்பப் புடிச்சது. பழகின எழுத்துல எழுதுன சொல்லப் பாக்கறப்ப, சொல்லுக்குள்ள இருக்கற எழுத்துங்க ஒன்னோட ஒன்னு கொழம்பிக்கிறது கொறையுதாம். தெரியாத எழுத்துன்னா எல்லாம் சேந்து ஒரே கொத்தா தெரியும், வாசிக்கப் பழகப் பழக கொத்து அவுந்து தனித்தனியா தெரியும். அதாவது நல்லா வாசிக்கறவன் சொல்ல உருவமா பாக்கறவன்னு நாம நெனச்சது அப்பிடியே தலைகீழ்.

ஆனா ஒன்னு, சொல்லுக்கும் ஒரு பலம் இருக்கு, அதையும் சொல்லியாகணும். 1969ல ரைக்கர்ங்கறவர் பண்ண சோதனை, கண் இமைக்கிற நேரத்துக்கு ஒரு எழுத்த தனியா காட்டுனா அது என்ன எழுத்துன்னு சொல்றதவிட அதே எழுத்து ஒரு சொல்லுக்குள்ள இருந்தா ஜனங்க சரியா சொல்றாங்க. எழுத்து சொல்ல தூக்கி விடுது, சொல்லு திரும்பி எழுத்துக்குக் கை கொடுக்குது. பிரஸ்ல நாங்க இதோட நல்லதையும் கெட்டதையும் தெனமும் பாக்குறோம். பத்திரிகையில மணமகன் வர்ற எடத்துல மணமகள்னு அடிச்சிருப்போம், மூணு பேரு புரூஃப் பாத்தும் தட்டுப்படாது, ஏன்னா அந்த எடத்துல மணமகன்தான் வரணும்னு மூளை முன்னாடியே முடிவு பண்ணி எழுத்த நெரப்பி விட்டுருது. அதனாலதான் பழைய ஆளுங்க புரூஃப கடைசி வரில இருந்து மேல நோக்கி, ஸ்கேல வச்சு மறைச்சு சொல்லு சொல்லா பாப்பாங்க. அர்த்தம் ஓடி வந்து உதவி பண்ணாம இருக்கணும், அதுக்குத்தான்.

டீச்சரும் அதத்தான் பண்றாங்க, வேற ரூபத்துல. அவங்க பெரிய ஆயுதம் ஒரு ஜன்னல் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையோட கெட்டி அட்டையில நீளமா ஒரு சந்து வெட்டி, அதுக்குள்ள இன்னொரு துண்டு அட்டைய நகத்துற மாதிரி வச்சிருப்பாங்க. அத சொல்லு மேல வச்சா ஒரு எழுத்துத்தான் தெரியும். புள்ள அத சத்தமா சொல்லணும். துண்ட நகத்துனா ரெண்டாவது எழுத்து சேந்து தெரியும், ரெண்டையும் சேத்து சொல்லணும். தி. திரு. திருப். திருப்பா. திருப்பாலை. கெஸ் பண்ண எடமே கெடையாது, மிச்சம்தான் கண்ணுக்கே தெரியலயே. முதல் மாசம் எம்பையனுக்கு இது நரகமா இருந்துச்சு, அழுதான், வரமாட்டேன்னான். டீச்சர் கோவிக்கவே இல்ல, "சாமி, அஞ்சு சொல்லு போதும் இன்னைக்கு" ன்னு அஞ்சோட அனுப்பிச்சுருவாங்க.

தமிழ் எழுத்துலயும் சிக்கல் இருக்கு, நமக்குப் பழகிட்டதால தெரியல. 247 எழுத்துங்கற கணக்க விடுங்க. கெ, கே, கைன்னு எழுதறப்ப கொம்பும் சங்கிலியும் முன்னாடி நிக்குது, ஆனா வாயில முதல்ல வர்றது க். கண்ணு ஒரு வரிசை, வாயி ஒரு வரிசை. கொ, கோ வந்தா ரெண்டு பக்கமும் ஆளு நிக்குது. கௌல வர்ற கடைசி உறுப்பும் ளவும் ஒன்னு போல, ரவும் துணைக்காலும் பல ஃபான்ட்ல கிட்டத்தட்ட ஒன்னு (எனக்கே டைப் பண்றப்ப தெனமும் வர்ற தலவலி). அது போக ஒரே க தான் கண்ணுல ஒரு சத்தம், அங்கேல ஒரு சத்தம், அகம்ல ஒரு சத்தம். பந்துல வர்ற ப வேற, பஸ்ல வர்ற ப வேற. டீச்சர் கொம்பு எழுத்துக்குன்னே தனியா ரெண்டு வாரம் ஒதுக்குறாங்க, கொம்ப மட்டும் பச்சை மையில எழுதி, "இவன் முன்னாடி நிப்பான் ஆனா பின்னாடிதான் பேசுவான்" னு சொல்லிக் கொடுப்பாங்க. எம்பையன் இப்பவும் வீட்டுல அத சொல்லிக்கிட்டே எழுதுவான்.

பெங்களூர்ல சோனாலி நாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் கன்னடம் படிக்கிற புள்ளைங்கள வச்சு 2007ல எழுதுன கட்டுரை ஒன்னு, நம்ம மாதிரியே உயிரும் மெய்யும் ஒட்டிக்கிட்டு வர்ற எழுத்து அது. இங்கிலீஸ் 26 எழுத்து மாதிரி ஒரு வருசத்துல முடியாது, எழுத்து மொத்தமும் கைக்கு வர நாலாவது வரைக்கும், ஏன் அதுக்கு மேலயும் ஆகுதுன்னு சொல்லியிருக்காங்க. இத படிச்சப்ப எனக்குப் பாதி பாரம் எறங்குச்சு. எம்பையன் ஏதோ உலகத்துலயே தனியா பின்தங்கிட்டவன் இல்ல.

அடுத்து ரவைத் தட்டு. எவர்சில்வர் தாம்பாளத்துல ரவையப் பரப்பி விரலால எழுத வைக்கிறாங்க, எழுதறப்பவே சத்தமா சொல்லணும். ஆரம்பத்துல இது எல்.கே.ஜி வேலையாச்சேன்னு எனக்குத் தோணுச்சு. அப்புறம் ஒரு பழைய கேஸ் பத்தி படிச்சேன். பிரான்ஸ்ல ஒரு வியாபாரி, நல்லா படிச்ச மனுசன், 1887ல ஒரு நாள் திடீர்னு வாசிக்க முடியாம போச்சு. கண்ணு தெரியுது, பேச்சு நல்லா வருது, எழுதக்கூட முடியுது, ஆனா தான் எழுதுனதையே தன்னால வாசிக்க முடியல. எழுத்த விரலால வரைஞ்சு பாத்தா மட்டும் என்ன எழுத்துன்னு தெரியும். டெஜரின்ங்கற டாக்டர் அவரு இறந்தப்புறம் மூளையப் பாத்து 1892ல எழுதுனாரு, இடது பக்கம் பின்னாடி அடிபட்டிருக்குன்னு. அதுக்கு நூறு வருசத்துக்கு மேல கழிச்சு, 2000ல லாரன் கோயன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் ரெண்டு பேரும் ஸ்கேன்ல அந்த எடத்தப் புடிச்சுட்டாங்க. இடது காதுக்குப் பின்னாடி, மூளையோட அடிப்பக்கத்துல ஒரு சின்ன எடம். எழுதுன சொல்லப் பாத்தா அந்த எடம் வேல செய்யுது, எந்த மொழி எழுத்தா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எடம்தான். ஆனா பொறக்கறப்பவே அது எழுத்துக்குன்னு இருக்கற எடமில்ல, எப்பிடி இருக்கும், எழுத்தே வந்து சுமார் 5000 வருசந்தான ஆச்சு. மூஞ்சி, பொருளு, உருவம் எல்லாம் அடையாளம் பாக்கறதுக்கு இருந்த எடத்துல ஒரு பகுதிய எழுத்துக்குன்னு மூளை ஒதுக்கிக்குது, அதுவும் வாசிக்கப் பழகுனா மட்டும். பழகாதவங்களுக்கு ஒதுக்காது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த மொழிங்கறது இல்ல, கண்ணுல விழுற எழுத்த காதுல விழுற சத்தத்தோட எத்தன தடவ முடிச்சுப் போடுறோமோ அத்தனைக்கு அந்த எடம் உருவாகுது.

வயசானப்புறம் கத்துக்கிட்டாலும் அந்த மாத்தம் வருதுன்னு பிரேசில்லயும் போர்ச்சுகல்லயும் பெரியவங்கள வச்சுப் பாத்து 2010ல சொல்லியிருக்காங்க. இது எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்கம்மா பள்ளிக்கூடம் போனதில்ல, தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்தப்பத்தான் எழுத்து கத்துக்கிட்டாங்க, ராத்திரி வேல முடிச்சு வந்து லைட்டு வெளிச்சத்துல உக்காந்து. இன்னைக்கு தெனத்தந்திய ஒரு வரி விடாம வாசிப்பாங்க. "எனக்கே வந்துச்சு, எம்பேரனுக்கு வராமப் போயிருமா" ன்னு எங்க எல்லாருக்கும் முதல்ல தைரியம் சொன்னதும் அவங்கதான்.

இங்கிலீஸ் பத்தி பல பேரு கேப்பீங்க. எம்பையன் பி-யும் (b) டி-யும் (d) மாத்தி மாத்தி எழுதுவான், அந்தச் சின்ன எழுத்து ரெண்டும். இது பெரிய வியாதியோன்னு பயந்தோம். இது எல்லா சின்னப் புள்ளைங்களும் பண்றதுதான், மூளைக்கு இயல்பாவே இடது வலது மாறுனா ரெண்டும் ஒன்னுதான், இங்கிட்டுத் திரும்புன மாடும் அங்கிட்டுத் திரும்புன மாடும் ஒரே மாடுதானே. எழுத்துக்காக அந்தப் பழக்கத்த மூளை விட வேண்டியிருக்கு. இதுல நம்ம தமிழுக்கு ஒரு விசேசம் உண்டு. தமிழ் எழுத்துல ஒன்ன கண்ணாடியில பாத்தா இன்னொன்னு வர்ற மாதிரி ஜோடியே கெடையாது. எரிக் பீடர்சன்ங்கறவர் தமிழ் ஆளுங்கள வச்சே இத சோதிச்சிருக்காரு, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிஞ்சவங்க கண்ணாடி பிம்பத்த வேறன்னு பிரிக்கறதுல எழுத்தே தெரியாதவங்க மாதிரித்தான் இருந்தாங்க, கூட இங்கிலீஸ் எழுத்தும் தெரிஞ்சவங்கதான் நல்லா பிரிச்சாங்க. நான் வீட்டுல ஒரு கோலத்த நேராவும் திருப்பிப் போட்டும் பிரிண்ட் எடுத்து எங்கம்மா கிட்டயும் எம்பொண்டாட்டி கிட்டயும் காட்டுனேன். எங்கம்மா ரெண்டும் ஒன்னுதானடான்னாங்க, எம்பொண்டாட்டி பாத்த உடனே திரும்பியிருக்குன்னா. ஆக தமிழ்ல தடுமாறாம இங்கிலீஸ்ல மட்டும் அந்த ரெண்டு எழுத்துல உங்க புள்ள தடுமாறுனா பதறாதீங்க. பழக்கத்துல சரியாகும். எங்க பிரஸ்ல ஈய அச்சு காலத்து கம்பாசிட்டர் ஒரு பெரியவரு இருக்காரு, அச்செழுத்து எல்லாமே கண்ணாடி பிம்பமாத்தான் இருக்கும், அதையே மனுசன் தெனத்தந்தி மாதிரி வாசிப்பாரு.

வகுப்போட ரெண்டாவது பாதி முழுக்க திரும்பத் திரும்ப வாசிக்கறது. ஒரு குட்டிப் பத்தி, நாலு தடவ. முதல் தடவ ஜன்னல் அட்டையோட, கடைசித் தடவ அட்டை இல்லாம. டேவிட் ஷேர்ங்கறவர் 1995ல சொன்ன ஒரு கருத்து இருக்கு, ஒரு சொல்ல புள்ள தானா கூட்டி சரியா வாசிச்சிட்டா, அப்பிடி சில தடவ நடந்தா போதும், அப்புறம் அந்தச் சொல்லு பாத்த உடனே தெரிய ஆரம்பிச்சுரும், புள்ள தனக்குத்தானே டீச்சர் ஆயிரும்னு. இத நான் கண்ணால பாத்தேன். மூணாவது மாசம் நெடுக 'கூட்டம்' ங்கற சொல்ல கூ, கூட், கூட்ட, கூட்டம்னு ஏறிக்கிட்டே இருந்தான், ஒரு நாள் நோட்டீஸ் ஒன்ன கையில வச்சுக்கிட்டு "கூட்டம்" னு ஒரே மூச்சுல சொன்னான். சொல்லிட்டு அவனே ஒரு நிமிசம் நின்னு அந்தச் சொல்லத் திரும்பப் பாத்தான். 'வந்துகொண்டிருந்தவர்கள்' மாதிரி நீளச் சொல்லுன்னா வந்து, கொண்டு, இருந்த, அவர்கள்னு எங்க வெட்டணும்னு கோடு போட வைக்கிறாங்க, இதுல இன்னும் தெணறுறான், போகப் போக வரும்.

கொறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். மாடிப்படி குறுகல், பெரியவங்க ஏற கஷ்டம். பெத்தவங்க ஒக்கார எடம் கெடையாது, தெருவுல வண்டிய போட்டு நிக்கணும், மே மாச வெயில்ல அது சாதாரணம் இல்ல. இங்கிலீஸ் வாசிப்பு அவங்க எடுக்கறதில்ல. புள்ள எங்க இருக்கான், எவ்வளவு முன்னேறியிருக்கான்னு எழுத்துல எதுவும் தர மாட்டாங்க, கேட்டா வாயால சொல்வாங்க, எனக்கு ஒரு நோட்டு மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னு ரெண்டு தடவ சொல்லிட்டேன். அப்புறம் சில புள்ளைங்களுக்கு எழுத்துக்கும் சத்தத்துக்கும் முடிச்சுப் போடறதே பொறவிலயே ரொம்ப செரமமா இருக்கும், டிஸ்லெக்ஸியாங்கறது. புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கண்ணுக்கும் சம்பந்தமில்ல, கலர் கண்ணாடி போட்டா சரியாகுங்கறத நம்பி காச விடாதீங்க. அப்பிடி சந்தேகம் வந்தா டீச்சரே, இது என் கை மீறினது, முறையா சோதிக்கிற ஸ்பெசலிஸ்ட் கிட்ட காட்டுங்கன்னு சொல்லி அனுப்பிருவாங்க, எங்க பேட்ச்லயே ஒரு பொண்ண அப்பிடி அனுப்புனாங்க. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பெருசாத் தெரிஞ்சிச்சு. முன்னாடி போன எடத்துல அத ஒருத்தரும் சொல்லல.

இப்ப 7 மாசம் முடிஞ்சு பையன் எப்பிடி இருக்கான்னா, புது புத்தகத்த கொடுத்தா வாசிக்கிறான். வேகம் கம்மிதான், அவன் வகுப்புல இருக்கற மத்த புள்ளைங்கள விட இன்னும் பின்னாடிதான். ஆனா வாசிக்கிறது அவன். போன மாசம் நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், குழந்தைங்க பகுதியில ஒரு படக்கதைய எடுத்து ஓரமா உக்காந்து விரல வச்சு முணுமுணுன்னு வாசிச்சான், அரை மணி நேரம் எங்கள நிமிந்தே பாக்கல. மூஞ்சியப் பாக்கலங்க, அதத்தான் சொல்றேன். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல இருந்து கடை போர்டா வாசிச்சுக்கிட்டே வந்தான், டேய் கொஞ்சம் சும்மா வாடான்னா "கண்ணுல பட்டா தானா வருதுப்பா, நான் என்ன பண்றது" ங்கறான்.

எங்கம்மாவும் இப்ப அவனோட சேந்து ராத்திரி ஜன்னல் அட்டைய வச்சு உக்காருறாங்க, அவங்களுக்கு ண, ன, ந மூணும் இன்னும் கொழப்பம், இத்தன வருசமா யாருகிட்டயும் சொல்லல, பேரன் கிட்ட கேக்குறாங்க.

சேக்கணும்னு நெனைக்கறவங்க கவனிக்க வேண்டியது: ஒன்னாவது ரெண்டாவது புள்ளைங்கள டீச்சர் எடுக்கறதில்ல, பள்ளிக்கூடத்துலயே வரும் பொறுங்கங்கறாங்க, மூணாவதுல இருந்துதான். சனிக்கிழமை காலை பேட்ச் நெறஞ்சிருச்சு, சாயங்கால பேட்ச்ல ஜூன் மாசம் ரெண்டு எடம் வருதுன்னு சொன்னாங்க. புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எறங்கி வாசிப்பு டீச்சர் வீடுன்னு கேட்டா அங்க இருக்கற எந்தக் கடையிலயும் கை காட்டுவாங்க. போறப்ப வீட்டுல கெடக்கற பழைய கல்யாணப் பத்திரிகை நாலு எடுத்துட்டுப் போங்க, ஜன்னல் வெட்ட கெட்டி அட்டை எப்பவும் தேவைப்படுது, நான் பிரஸ்ல இருந்து கொண்டு போறது பத்த மாட்டேங்குது.